அஷ்டமியில் போட்ட பைதான்

உலகத்திலேயே பஞ்சாங்கம் பார்த்துக் கம்ப்யூட்டரைத் தொட்ட ஒரே மனிதர் எங்கள் முகூர்த்தம் அண்ணன்தான். சிம்மக்கல்லில் மொத்த வெங்காயக் கடைக்கு மேலே எங்கள் குட்டி சாஃப்ட்வேர் ஆபீஸ். அதில் அவர்தான் சீனியர். ராகு காலத்தில் ரீஸ்டார்ட் செய்ய மாட்டார். பாஸ்வேர்டை வளர்பிறையில்தான் மாற்றுவார். ரவுட்டரை ஈசானி மூலைக்குக் கொண்டுபோய், ஆபீஸுக்கே நெட் கிடைக்காமல் செய்த புண்ணியவான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

அன்று மத்தியானம் பரவை காய்கறி மார்க்கெட் வியாபாரி ஒருவர், எங்களுடைய விலை கணிக்கும் புரோகிராமைப் பார்க்க வருவதாக இருந்தது. எழுதியவள் புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தா. வியாபாரிக்குப் பிடித்தால் அவள் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். காலையில் புது லேப்டாப் வந்தது. புரோகிராம் ஓடத் தேவையான பைதானை அண்ணன் பென்டிரைவிலிருந்து போட்டுக் கொடுத்தார். கூடவே வேண்டிய பேக்கேஜை நெட்டிலிருந்து இறக்கப் போனால், அந்த வெப்சைட்டின் அடையாள சர்டிபிகேட் செல்லாது என்று சிவப்பு சிவப்பாக எரர்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து சர்டிபிகேட் ஃபைலை எடுத்து வந்து மாற்றினேன். பைதானையே அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ம்ஹூம். சர்டிபிகேட்டைச் சரிபார்ப்பதையே அணைத்துவிடலாமா என்றேன். அண்ணன் விடவில்லை.

"வந்திருக்கது யாருன்னு பாக்காம கதவத் தொறந்து விடுவியா மாப்ள?"

கண் கலங்கி உட்கார்ந்திருந்த ஜெசிந்தாதான் எரரின் கடைசி வரியைப் படித்தாள். சர்டிபிகேட் இன்னும் அமலுக்கு வரவில்லையாம். திரையின் மூலையைக் காட்டினாள். அங்கே போன வருஷத்துத் தை மாதம் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அண்ணனைப் பார்த்தோம்.

"இன்னைக்கு அஷ்டமி மாப்ள. அதான் நல்ல முகூர்த்த நாளாப் பாத்து, தேதிய மாத்தி வச்சு இன்ஸ்டால் பண்ணேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

சிரிப்பதா, அடிப்பதா? இந்த வருஷம் கொடுத்த சர்டிபிகேட்டைப் போன வருஷத்தில் உட்கார்ந்திருக்கும் லேப்டாப் எப்படி நம்பும்? கீழே வியாபாரியின் குரல் கேட்டது. தேதியை மாற்றக் கை நீட்டினேன். அண்ணன் தட்டிவிட்டார். ஜெசிந்தாவையும் தொட விடவில்லை. முருகா என்று முணுமுணுத்துவிட்டு, அவரே இன்றைய தேதிக்கு மாற்றினார்.

"தோஷம் வந்தா எனக்கு வரட்டும். நீ ஓட்டு தாயி."

பேக்கேஜ் மளமளவென்று இறங்கியது. நாங்கள் போட்ட கூச்சலில் மேலே ஏறி வந்த வியாபாரி ஒரு நிமிஷம் படியிலேயே நின்றுவிட்டார். ஆனால் புரோகிராம் அவருக்குப் பிடித்துப்போனது. ஜெசிந்தாவுக்கு வேலை நிலைத்தது.

எனக்கு இந்த அஷ்டமி, நவமியில் எல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று சாயங்காலம், அந்த மனுஷரைத் தனியாக மாடிப்படி இறங்க விட எனக்கு மனசு வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே கூட இறங்கினேன்.