யாரும் அந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள்

எனக்குப் பேய் பயம் கிடையாது. பாம்பு கூடப் பரவாயில்லை; வயல்காட்டில் வளர்ந்தவளுக்கு அது பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. தெரியாத எண்ணிலிருந்து வரும் போன்தான் என் பயம். மணி அடித்தால் எட்ட நின்று பார்ப்பேன். அடங்கிய பிறகு, யாராக இருக்கும் என்று அன்றைக்கு முழுக்க யோசிப்பேன். (எடுத்துக் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அது வேறு விஷயம்.)

இன்னொரு வியாதி, தேதி. கல்யாணப் பத்திரிகை வந்தால் சாப்பாடு எந்த மண்டபத்தில் என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். நான் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். எங்கள் ஊரில் மதகு கட்டியது, முதல் டிராக்டர் வந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து பெட்டியைப் பிரிக்காமலே இருந்தது, எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். நான் எங்கேயும் குறிக்காத ஒரே தேதி இந்தச் சம்பவத்தினுடையது. வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அவ்வளவு போதும்.

அப்போது தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வு மாணவியாக இருந்தேன். அங்கே ஒரு வாசகர் வட்டம். மாதம் ஒரு புத்தகம் படித்துவிட்டுப் பேச வேண்டும். அதோடு பேசுகிறவர் தன் வீட்டிலிருந்து ஓர் உதாரணமும் கொண்டுவர வேண்டும் என்பது வட்டத்தை நடத்திய பேராசிரியை வைத்திருந்த விதி. “வீட்டுச் சான்று” என்பார். வீட்டுச் சான்று இல்லாமல் யாராவது பேசினால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அதற்குமேல் அவர் கேட்கவில்லை என்று அர்த்தம்.

அந்த மாதப் புத்தகம் தொழில்நுட்பம், கல்வி, சமூகம் மூன்றையும் பற்றியது. பேச வேண்டியவள் நான். செயலாளரும் நானே என்பதால் அழைப்பிதழ் தயாரிக்கும் வேலையும் என் தலையில்.

தேதி, கிழமை, அறை எண் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். கடைசியில் “தொடர்புக்கு” என்று ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கேதான் சிக்கிக்கொண்டேன். என் எண்ணைப் போட்டால் ஊரே அழைக்கும். போடாவிட்டால் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றுவார். யோசித்து யோசித்து ஓர் அற்புதமான வழி கண்டுபிடித்தேன். கல்லூரிக் காலத்தில் வைத்திருந்த என் பழைய எண்ணைப் போட்டேன். அந்த சிம் எப்போதோ செத்துப்போய் எங்கள் வீட்டு மேசை டிராயரில் கிடப்பதாக என் நினைப்பு. யார் அழைத்தாலும் எடுக்க ஆளில்லை. எனக்கும் தொல்லை இல்லை.

அழைப்பிதழ் வாட்ஸப்பில் ஏறியது திங்கட்கிழமை இரவு. அதற்குக் கொஞ்சம் முன்புதான் வீட்டுச் சான்றுக்காக அப்பாவுக்குப் போன் செய்திருந்தேன்.

“அப்பா, நம்ம மோட்டாரு போன்லயே ஓடுதுல்ல, அது எப்படி?”

“இப்ப எதுக்கும்மா அது?”

“நாளைக்குக் கூட்டத்துல பேசணும்.”

“மோட்டாரப் பத்திப் பேசவா ஒன்ன அவ்வளவு தூரம் படிக்க வச்சேன்? அத குமாரே பேசிருவானே.”

குமார் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன். பழைய பட்டன் போன் ஒன்றை மோட்டார் ஸ்டார்ட்டரோடு அவர்தான் இணைத்துக் கொடுத்திருந்தார்.

“ஒரு ரிங்கு வுட்டா ஓடும். இன்னொரு ரிங்கு வுட்டா நிக்கும். அவ்வளவுதான்” என்றார் அப்பா.

“யார் பண்ணாலும் ஓடுமா?”

“நம்மள வுட்டா மோட்டாருக்கு யாரு போன் பண்ணப்போறா? சிம்மு கூட ஒன்னோட பழைய சிம்முதான். சும்மாத்தான கெடந்துச்சு, காசு போட்டு வச்சிருக்கேன்.”

எழுதிக்கொண்டேன். அது ஓர் எண் என்று என் மண்டையில் ஏறவில்லை. தகவல் என்று ஏறியது.

போனை வைக்கும்முன் அப்பா வழக்கம்போல வயல் நிலவரம் சொன்னார். குறுவைக்கு நாற்றங்காலில் அன்றைக்குத்தான் விதை தெளித்திருக்கிறார். முளை மண்ணைப் பிடிக்கிறவரை தண்ணீர் கட்டக் கூடாது. அந்த இடைவெளியில் மோட்டாரின் ஒழுகலைச் சரிசெய்யப் போகிறார். “நாளைக்கு மத்தியானத்துக்கு மேல தண்டுல கயிறு மாத்தணும். நானே மாத்திக்கிறேன், குமாரு வந்தா அதுக்கு ஒரு கூலி கேப்பான்.” மோட்டார் சுழற்றும் தண்டைச் சுற்றிப் பழைய கயிற்றைப் பிடுங்கிவிட்டுப் புதியதை விரலால் அழுத்திச் செருகும் வேலை அது.

மறுநாள் மாலை, கூட்ட அறை. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

“என்ன மேடம், ரூம் எங்கன்னு கேக்க எத்தன தடவ அடிக்கிறது? ரிங்கு போய்க்கிட்டே இருக்கு, ஒருத்தரும் எடுக்கல.”

செத்த எண்ணில் எப்படி மணி அடிக்கும் என்று ஒரு கணம் உறுத்தியது. அதற்குள் பேராசிரியை என் பெயரைச் சொல்லிவிட்டார்.

புத்தகத்தைப் பற்றி நான் பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை. வீட்டுச் சான்றுக்கு வந்தேன். ஒரு கருவி கிராமத்துக்குள் வரும்போது படித்தவரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்று தொடங்கி, தாளைப் பார்த்துப் படித்தேன்: “எந்தப் போனிலிருந்து அழைத்தாலும் மோட்டார் ஓடும். அதில் இருப்பது என்னுடைய பழைய...”

எதிர்ச் சுவரில் அழைப்பிதழ் பெரிதாக ஒட்டியிருந்தது. தேதி சரி. கிழமை சரி. அறை எண் சரி. தொடர்புக்கு: என்னுடைய பழைய எண்.

மத்தியானத்துக்கு மேல் என்றாரே. இந்நேரம் அந்தத் தண்டைச் சுற்றி அப்பாவின் விரல்கள் இருக்கும்.

“யாரும் அந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க!” என்று கத்தினேன். “தயவுசெஞ்சு! எல்லாரும் போனக் கீழ வையுங்க!”

நான்கைந்து பேர் போனைக் கீழே வைத்தார்கள். பிறகு கைதட்டல். (என் வாழ்நாளில் நான் வாங்கிய ஒரே கைதட்டல்.) பேராசிரியை கண்ணாடியைக் கழற்றவில்லை; இன்னும் சரியாக மாட்டிக்கொண்டார். “துணிச்சலான முடிவு. சாதனத்தைக் கீழே வைப்பதிலிருந்துதான் கல்வி தொடங்குகிறது என்கிறார்” என்று எனக்கே விளக்கினார்.

“எந்த நம்பரு, இதுவா?” என்று பின்வரிசையில் ஒரு மகராசன் அழைத்தே பார்த்தான். “ரிங்கு போவுதே!”

வெளியே ஓடினேன். அப்பாவின் எண்: ஸ்விட்ச் ஆஃப். அம்மா நன்னிலத்தில் ஒரு வளைகாப்பில் இருந்தார். பக்கத்து வயல் கலியபெருமாள் மாமாவை அழைத்தேன். எடுத்தார்.

“மாமா, அப்பா எங்க?”

“மோட்டார் கொட்டாய்க்குள்ளதான் குனிஞ்சிக்கிட்டு நிக்கிறாரு. ஏம்மா, உள்ள என்னமோ சத்தமா...” அத்தோடு துண்டித்துப்போனது. மறுபடி அழைத்தால் போகவில்லை.

என் சிநேகிதி நஸ்ரின், நாகப்பட்டினத்துக்காரி, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்தாள். மன்னார்குடி சாலையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் என் உயிர் போய் வந்தது. நேற்று அந்தக் கையால்தான் விதை தெளித்திருக்கிறார். நான் முதல் வகுப்பில் சேர்ந்தபோது பேனாவை அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டதும் அந்தக் கைதான். அழுதுகொண்டே நஸ்ரினிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“அழுவாதடி. மோட்டாரு இப்ப ஓடுதா நிக்குதான்னு மட்டும் சொல்லு” என்றாள்.

“எனக்கெப்படித் தெரியும்? எத்தன பேரு அடிச்சாங்களோ!”

“ஒத்தப்படையா வந்தா ஓடும், ரெட்டப்படையா வந்தா நிக்கும். துஆ பண்றேன், ரெட்டப்படையா வரட்டும்.”

கொட்டகைக்கு முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். முதலில் கைகளைப் பார்த்தேன். இரண்டு கை. எல்லா விரலும். ஒரு கையில் ஃபியூஸ் கட்டையை இறுகப் பிடித்திருந்தார். மறு கையில் டீ. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

“நீ ஏம்மா அழுவுற? நான்ல பயந்து கெடக்கேன்” என்றார். “காலையிலேருந்து தானா ஓடுது, தானா நிக்குது. எம்போன்தான் சட்டப்பையில அமுந்தி அடிக்குதுன்னு அத அணைச்சு ஊட்டுல வச்சிட்டு வந்தேன். அப்பவும் ஓடுது! கயிறாவது மண்ணாவதுன்னு ஃபியூஸப் புடுங்கிட்டேன். அதுக்கப்புறமும் உள்ளேருந்து ரிங்கு சத்தம் மட்டும் நிக்கல. குனிஞ்சி குனிஞ்சிப் பாத்தேன், ஒண்ணும் புரியல.”

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அப்பா டீயைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, ஒருத்தருக்குப் பதில் சொல்லப் பயந்துக்கிட்டு ஊரையே என் மோட்டாருக்குப் பேச வுட்டியா?”

விரல் தப்பியது, விதை தப்பவில்லை. நாற்றங்கால் நிரம்பி, வரப்பு உடைந்து, முளைவிட்ட விதையில் பாதி கலியபெருமாள் மாமா வயலின் ஈசான்ய மூலையில் ஒதுங்கியிருந்தது. அவரிடமிருந்தே நாற்று வாங்கி நட்டோம். அவருடைய அந்த மூலைக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் “வாசகர் வட்டம்” என்றுதான் பெயர். “வாசகர் வட்டத்துல எலி புகுந்திருக்கு” என்று மாமாவே சொல்வார்.

போன் பயம் போய்விட்டதா என்று கேட்பார்கள். போகவில்லை, திசை மாறிவிட்டது. மணி அடித்தால் எங்கோ எதுவோ சுழலப்போகிறது என்று பதறி உடனே எடுத்துவிடுகிறேன். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, யாராக இருந்தாலும் முழுதாகக் கேட்டுக்கொள்கிறேன்.

போன வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் என் போன் அடித்தது. பலகாரத் தட்டைப் போட்டுவிட்டு ஓடி எடுத்தேன். அவர்கள் திகைத்துப் பார்க்க, அப்பா நிதானமாகச் சொன்னார்:

“ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. எங்க ஊட்டுல ஒரே ரிங்குல எடுக்குற ஆளு ரெண்டு. ஒண்ணு மோட்டாரு. இன்னொண்ணு எம்பொண்ணு.”