ஐந்தாவது அறை

மூஸ் ஹாலோ சந்தைக் கொட்டகை அந்த வாரம் மனிதர்களால் நிரம்பி வழிந்தது. மாடுகளைப் பின்வாசலில் கட்டியிருந்தார்கள். இருபது டாலர் நுழைவுக் கட்டணம் கொடுத்து ஒரு மாடுகூட உள்ளே வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

உள்ளே, ஊர் ஊராகப் போய் ஜெபத்தால் நோய் தீர்க்கும் பிரதர் லூசியஸ் இதயங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"டாக்டருங்க நாலு அறைன்னுதான் சொல்லுவாங்க. அஞ்சாவது ஒண்ணு இருக்கு. துக்கமெல்லாம் அங்கதான் கட்டியாகுது."

நெஞ்சில் துண்டைப் போடுவார். அடியில் கையை விடுவார். கத்தி இல்லை, தையல் இல்லை. சிவப்பாக ஒரு கட்டி தட்டில் விழும். குணமானவர் தம் மாத்திரைப் புட்டியைப் பால்வாளியில் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

வரிசையில் ஆர்வில் புட்டியோடு நின்றான். வசந்தத்தில் மாரடைப்பு வந்து பிழைத்தவன். பின்னால் அவன் மனைவி வெர்னா. வேட்டைக்காலத்தில் ஊரார் சுட்டுவரும் மான்களை அறுத்துக் கொடுப்பது அவள் தொழில்.

"அதை வாளியில போட்டேன்னா கிறிஸ்துமஸுக்கு நீ இருக்க மாட்ட ஆர்வில்."

"நீ அறுக்கறது மானைத்தானே. மான் இதயமும் மனுஷன் இதயமும் ஒண்ணா?"

"ரெண்டுக்கும் நாலு அறைதான். மேல ரெண்டு ரத்தத்தை வாங்குது, கீழ ரெண்டு தள்ளுது. நடுவுல கதவு, ஒரு பக்கமாத்தான் திறக்கும். அஞ்சாவதுக்கு இடம் எங்க இருக்கு?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

ஆர்வில் படுத்தான். துண்டு, முணுமுணுப்பு, கட்டி. கூட்டம் உருகியது. அவன் எழுந்து புட்டியை வாளிக்கு மேல் நீட்டினான்.

வெர்னா தட்டை எடுத்தாள். "பிரதர், இதை ஒருதடவை வெட்டிப் பாக்கறேன்."

"வேண்டாம் சகோதரி. அந்தத் துக்கம் உங்களைப் பிடிச்சுக்கும்."

"பிடிச்சா கழுவிக்கறேன்."

இடுப்புக் கத்தியால் ஒரே கீறல். கட்டி விரிந்தது. உள்ளே மஞ்சள் தோல், கொஞ்சம் மணல், மூன்று மக்காச்சோள மணிகள்.

"ஆர்வில், உன் துக்கம் எப்பலேர்ந்து சோளம் தின்னுது?"

கோழிப்பண்ணை ஹால்வர் எட்டிப் பார்த்தார். "அட, கோழி இரைப்பை. நேத்து பிரதர் ஒரு டஜன் கோழி வாங்கிட்டுப் போனாரு. பாவம், பசி போலன்னு நெனச்சேன்."

பிரதர் பின்வாசலுக்குப் பாய்ந்தார். மாடுகள் வழிவிடவில்லை.

ஆர்வில் புட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் வாளிக்கு ஓடினார்கள். வெர்னா கத்தியைத் துடைத்தாள்.

"நவம்பர் வந்தா ஊரே மானைப் பிளந்து இதயத்தைக் கையில எடுக்குது. தட்டுல கிடந்ததைத் திறந்து பாக்க ஒருத்தருக்கும் தோணல. புட்டியில பேரைப் படிச்சுட்டு எடுங்க. அதையாவது பாத்துச் செய்யுங்க."