நாற்பத்திரண்டு பக்கத்துப் பூட்டு

“எந்தப் புண்ணியவான் இதுக்குப் பூட்டுப் போட்டானோ!” என்று கல்யாணசுந்தரம் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தபோது காலை மணி ஒன்பதரை.

பதினொரு மணிக்குச் சென்னை ஹெட் ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள். தான் வேலை பார்க்கும் போசரி தொழிற்சாலையின் பாதுகாப்பு விதிகளை ஸ்லைடு போட்டு விளக்க வேண்டும். ஒழுங்காக விளக்கிவிட்டால் டெபுடி மேனேஜர் நாற்காலி அவருக்கு. அவர் வசிக்கும் விஷ்ராந்த்வாடி குடியிருப்பில் இந்தச் செய்தி தெரியாதவர் கிடையாது; லிஃப்டில் ஏறியவர்களிடமெல்லாம் அவரே சொல்லிவிட்டார்.

பழைய சர்வரில் கிடைத்ததோ நாற்பத்திரண்டு பக்கப் பி.டி.எஃப். படிக்கலாம், அவ்வளவுதான். ஒரு வரியைக் காப்பி எடுக்கப் போனாலும் பாஸ்வேர்டு கேட்டது.

பூட்டைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்ததே ஒரு வேடிக்கை. தன் ஸ்கூட்டருக்கு இரண்டு பூட்டு, வாசலில் தொங்கும் பால் பைக்கு ஒரு குட்டிப் பூட்டு என்று மாட்டி வைக்கிற மனிதர். பால்காரர் விடியற்காலையில் சாவி கேட்டு மணி அடிப்பது மூன்று மாடிக்கும் கேட்கும்.

பக்கத்து மேஜை லீலா மெல்ல வந்தாள். அதே ஊரில், போபோடியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சில் ஹிந்தி கலக்கும்.

“சார், அந்த ஃபைல் இருக்கே...”

“இது டெக்னிக்கல் மேட்டர்மா. நீ போய் சாயும் பிஸ்கட்டும் வந்தாச்சான்னு பாரு.”

ஓசியில் ஸ்லைடாக மாற்றித் தரும் வலைத்தளம் ஒன்றில் ஃபைலைப் போட்டார். அது பூட்டை உடைத்தது. கூடவே பக்கங்களையும் உடைத்தது. ‘ஹெல்மெட்’ என்ற எழுத்து பூட்ஸ் படத்தின்மேல் போய் உட்கார்ந்தது. தீ பிடித்தால் ஓட வேண்டிய அம்புக்குறி கேன்டீன் அடுப்பைக் காட்டியது. அதை நகர்த்தப் போனதில் பதினாறு பக்கங்கள் காணாமல் போயின.

பெண் வைஷுவுக்குப் போன் போட்டார்.

“ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டுங்கப்பா, சிம்பிள். எனக்கு கிளாஸ் இருக்கு, பை!”

எடுத்தார். நாற்பத்திரண்டையும் எடுத்து ஒட்டினார். லீலா மறுபடி வந்தாள்.

“சார், ஏக் மினிட், நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“லீலா, உயிரை வாங்காதே!”

பதினொரு மணி. பெரிய திரை. ஏழாவது ஸ்லைடில் ‘அவசர வழி’க்குப் பக்கத்தில் மனைவி அனுப்பிய வாட்ஸப் பெட்டியும் சேர்ந்து ஒட்டியிருந்தது. சென்னைக்காரர் ஒருவர் அதை வாய்விட்டே படித்தார்: “வனஜா: இன்னிக்கும் முத்தின வெண்டைக்காய் வாங்கிட்டு வந்தா வீட்டுக்கு வராதீங்க.”

இன்னொருவருக்குச் சிரிப்பில் சாய் புரையேறியது. தமிழ் தெரியாத மேனேஜர் முகுந்த் மட்டும் சிரிக்கவில்லை. “என்ன கோலம் இது?” என்று ஹிந்தியில் கேட்டார்.

கல்யாணசுந்தரம் நெஞ்சை நிமிர்த்தி, ஹிந்தியிலேயே பதில் சொன்னார். “என் தப்பு இல்லை சார். எவனோ ஒரு சுயநலக்காரன், தன் வேலையை வேற யாரும் தொடக் கூடாதுன்னு பூட்டி வெச்சுட்டான். அந்த மாதிரி ஆளுக்கெல்லாம் பதவியே கொடுக்கக் கூடாது!”

“நூத்துக்கு நூறு சரி,” என்றார் முகுந்த். “யார் அந்த ஆளு?”

இரண்டு தடவை தமிழில் ரகசியமாகச் சொல்லப் பார்த்தாயிற்று. இப்போது முகுந்துக்கும் புரியட்டும் என்று லீலா ஹிந்தியிலேயே, தன் பழைய டைரியைப் பிரித்தபடி சொன்னாள்:

“பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு சார். ஆறு வருஷம் முன்னால இதைப் பூட்டினப்போ, ‘எனக்கு மறந்துபோயிடும், எழுதி வெச்சுக்கோ’ன்னு கல்யாணசுந்தரம் சார்தான் சொன்னார்.”