பருந்தக்காவும் வராத படமும்

இன்னும் வெளிவராத ஒரு படத்தைப் பருந்தக்கா அளவுக்கு முழுசாகப் பார்த்தவர் உலகத்தில் யாரும் கிடையாது. அதை எடுத்த டைரக்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் இன்சார்ஜ். நான் ஏற்றுமதி செக்‌ஷனில் குமாஸ்தா. தினமும் வேலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போவோம். நாற்பதைத் தாண்டியவர், தடிமனான கண்ணாடி, ஞாயிறு தவறாமல் சர்ச். பார்த்தால் கணக்கு டீச்சர் என்பீர்கள். வாயைத் திறந்தால் மின்பருந்து!

மின்பருந்து என்பது சித்திரக்கதை ஹீரோ. சிறகு விரித்துப் பறந்து அநியாயத்தை அடிப்பவன். அவனை வைத்து வெளிநாட்டில் படம் எடுப்பதாகப் பேப்பரில் ஒரு மூலையில் துணுக்குச் செய்தி வந்தது. அன்றோடு எங்கள் பஸ்ஸில் எல்லாருக்கும் தூக்கம் போயிற்று.

ஒருநாள் பிரவுசிங் சென்டரில் அந்தப் படத்தின் போஸ்டரைக் கலர் பிரின்ட் எடுத்து வந்தார்.

"சிறகப் பாருங்கப்பா! ஆரம்பக் கதைங்கள்ல துணி. அப்புறம் வேற ஓவியர் வந்து தோலா மாத்திட்டாரு. இது தோல். அப்போ படமும் பின்னாடி வந்த கதையத்தான் எடுக்கறாங்க!"

டிரைவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். "தோலா? மடிப்பப் பாருக்கா. ரெக்சின்."

"வாயக் கழுவு! மின்பருந்து ரெக்சின் போடுவானா? ஆட்டுத்தோலு!"

பள்ளிகொண்டா தாண்டியும் ஆடா மாடா என்று சண்டை ஓயவில்லை. தையல் பிரிவுப் பெண்கள் ஆட்டுக் கட்சி. பேக்கிங் ஆட்கள் மாட்டுக் கட்சி. ரெக்சின் கட்சியில் டிரைவர் மட்டும் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவின் பெரிய கண்டுபிடிப்பு, போஸ்டரில் இருந்த முகமூடி வில்லனைப் பற்றியது. "மூலையில உடைஞ்ச மணி இருக்குதா? எந்தக் கதையில மணி உடையுது? அண்ணன் தம்பி பிரியற கதையில! முகமூடிக்குள்ள இருக்கறது மின்பருந்தோட சொந்த அண்ணன். அதக் கழட்டறப்போ தியேட்டரே அழும் பாரு." சொல்லும்போதே கண்ணாடி பனித்துவிட்டது. தையல் பிரிவில் சிலர் அப்போதே அழுதுவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் ஷூக்களைச் சோதித்து வாங்க இத்தாலிக்காரர் ஒருவர் வந்தார். அவர் பையில் மின்பருந்து சாவிக்கொத்து! எங்கள் மேனேஜர் பாய்க்குத் தலைகால் புரியவில்லை.

"மேடம், உங்க தோஸ்த் வந்துட்டாரு! அங்க படம் ரிலீஸ் ஆயிடுச்சாம், பாத்துட்டாராம். நல்லா பேசுங்க, ஆர்டர் ஜாஸ்தி கெடைக்கும்."

அக்காவின் முகம் வெளுத்தது. "பாத்துட்டாரா? அய்யோ பாய், கதைய சொல்லிடுவாரு! நான் லீவு."

"இன்னா மேடம் லீவு? நீங்க இல்லன்னா மொத்த லாட்டும் ரிஜெக்ட் ஆயிடும். பேஜார் பண்ணாதீங்க!"

அக்கா வந்தார், இரண்டு காதிலும் பஞ்சோடு. இத்தாலிக்காரர் கேள்வி கேட்பார். நான் சைகையில் சொல்வேன். அக்கா பதில் சொல்வார். அவர் ஒருமுறை ஆர்வத்தில் கைகளைச் சிறகு மாதிரி விரித்தார். அக்கா கண்களையும் இறுக மூடிக்கொண்டார். பாய்க்கு வேர்த்துக் கொட்டியது. இத்தாலிக்காரரோ, காது கேளாத நிலையிலும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறாரே என்று உருகி, லாட் முழுவதையும் பாஸ் செய்துவிட்டார்.

ஆனால் சாப்பாட்டு வேளையில் நான் அவரிடம் மாட்டிக்கொண்டேன். ஒன்று விடாமல் முழுக் கதையையும் எனக்குச் சொல்லிவிட்டார். அண்ணன் என்று ஒருத்தனே படத்தில் இல்லை. முகமூடிக்குள் இருந்தது ஹீரோவின் பல் டாக்டர்.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா பஞ்சை எடுத்தார். "உன்கிட்ட சொல்லிட்டாரா?"

"ம்."

"வாயத் தொறந்தே, உன் செருப்புல ஆணி அடிச்சிடுவேன்."

படம் தமிழ் பேசி வேலூர் வந்துசேர மாதக்கணக்கானது. அத்தனை நாளும் அவர் அண்ணனை வளர்த்துக்கொண்டே போனார். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேட்பேன்.

"அண்ணன்னு சொல்றப்போ உன் புருவம் ஏறுச்சே?"

"தூசிக்கா."

ஒருநாள் சொல்லிவிடலாம் என்றுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்குள் அவர், "தம்பி, சாகறப்போ அண்ணன் இன்னா சொல்லுவான் தெரியுமா? 'ஒனக்குப் பறக்கக் கத்துக்குடுத்ததே நான்தானேடா'ன்னு சொல்லுவான்" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

படம் வந்தது. பஸ் மொத்தமும் தியேட்டரில். சிறகு தோல்தான் என்று தெரிந்ததும் எங்கள் வரிசைப் பெண்கள் விசில் அடித்தார்கள். முகமூடியைக் கழற்றும் கட்டத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிப் பார்த்தார். அப்போதும் பல் டாக்டர்தான்.

வெளியே டிரைவர் கொதித்தார். "இன்னாக்கா அநியாயம் இது? அண்ணன எங்க போட்டானுங்க? தப்புத்தப்பா எடுத்து வெச்சிருக்கானுங்க!" வராத அண்ணனுக்காகத் தையல் பிரிவு மூக்கைச் சிந்தியது. அக்கா மட்டும் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன்.

சட்டென்று என் கையைப் பிடித்தார். "தம்பி! கடைசியில அந்த டாக்டர் ரூம் செவுத்துல ஒரு போட்டோ இருந்திச்சே, கவனிச்சியா? பாதி மூஞ்சிதான் தெரிஞ்சிது. அது யாரு?"

"யாருக்கா?"

"அண்ணன்டா! ரெண்டாவது பாகத்துக்கு ஒளிச்சு வெச்சிருக்கான்!"

நான் ஏறவேண்டிய பஸ் வந்தது, போனது. இன்னொன்றும் போனது. நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "அப்புறம் இன்னாக்கா ஆவும்?" என்றேன்.