ஆணியில் தொங்கிய டியூப்

என் காரை நானே சரிசெய்வேன், ஒரு மெக்கானிக்கின் நிழல்கூட அதன்மேல் படக்கூடாது என்று போன வியாழக்கிழமை முடிவெடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நானாக எடுத்த முடிவுகள் மொத்தம் மூன்று. மற்ற இரண்டையும் செண்பகவல்லி மாற்றிவிட்டாள்.

செண்பகவல்லி என் மனைவி. ஆறு மாடுகளையும் என்னையும் ஒற்றையாளாக மேய்க்கிறவள். மாடுகளுக்குக் கறவை மிஷின் வாங்கிப் போட்டிருக்கிறாள். எனக்கு அவள் பார்வையே போதும். நான் இசக்கியப்பன், மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊரில் என்னைக் 'கார்க்கார அண்ணாச்சி' என்பார்கள். வாசலில் நிற்கிற இருபத்தைந்து வயதுச் சின்னக் கார் வாங்கிக் கொடுத்த பட்டம் அது. தினமும் துடைப்பேன். டீக்கடை வரை ஓட்டுவேன். டீக்கடை நாலு வீடு தள்ளி இருக்கிறது.

அந்தக் கார் திடீரென்று மக்கர் பண்ணியது. ஸ்டார்ட் ஆகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் குளிர்க் காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கி அணைந்துவிடும். டீக்கடை வாசலில் நாலு பேர் பார்க்க அதைத் தள்ள வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு சங்கரபாண்டி கூடவே தள்ளிக்கொண்டு கேட்டார், "அண்ணாச்சி, இதுக்கு நடந்தே வந்திருக்கலாம்லா?"

வீட்டு வாசலில் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தபோது, செண்பகவல்லி சாணிக் கூடையோடு நின்றாள்.

"ஏங்க, எங்கயோ காத்து இழுக்குது. உஸ்ஸுன்னு சத்தம் கேக்குதுல்லா?"

"ஏட்டி, இது காரு. மாடு இல்ல."

"கறவை மிஷின்லயும் டியூப்பு கீறிட்டுன்னா இப்படித்தான் சத்தம் வரும்."

"எனக்குத் தெரியும். நீ பாலைப் பாரு."

"பாலைத்தான் பாக்கேன். கோவில்பட்டி ஓட்டல்ல தினமும் காலையில பால் கேக்காவ. கொண்டுபோவ ஆளு இல்ல. உங்களக் கேட்டா இடுப்பு வலிங்கீங்க. ஓடாத காரை வாசல்ல வச்சு என்ன செய்ய? வித்துட்டு ரெண்டு மாடு வாங்குவோம்."

கார் போனால் பட்டமும் போகும். வெறும் இசக்கியப்பனாக டீக்கடையில் எப்படி உட்காருவது?

"விக்கவா? நானே சரி பண்ணுதேன், பாரு."

"சரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கடம்பூர் போய்ப் போளி வாங்கிட்டு, வழியில நிக்காம வாங்க. வந்துட்டீங்கன்னா காரு வீட்டுலயே இருக்கும். நின்னுட்டுன்னா காரு போவும், மாடு வரும்."

சொன்ன வாக்கு தவற மாட்டாள். அதுதான் பயமே.

பிளக்கைத் துடைத்தேன். பேட்டரியை அசைத்தேன். ஏர் ஃபில்டரைத் தட்டினேன். முன் டயருக்கு எலுமிச்சம்பழம்கூட வைத்தேன். கார் மசியவில்லை. ஞாயிறு காலை, வேறு வழியில்லாமல், அந்த 'உஸ்' எங்கிருந்து வருகிறது என்று குனிந்து காது கொடுத்தேன். கார்புரேட்டர் பக்கம் விரல் மொத்தத்தில் ஒரு ரப்பர் குழாய். மெக்கானிக்குகள் வேக்கம் டியூப் என்பார்கள். சித்திரை மாசத்துக் கரிசல் காடு மாதிரி வெடித்திருந்தது. வெடிப்பில் விரலை வைத்தேன், இன்ஜின் சீராக ஓடியது. எடுத்தேன், அணைந்தது. விரலை வைத்துக்கொண்டே கடம்பூர் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை, கார் சாமான் விற்கிற கடை ஒன்றும் திறந்திருக்காது. மாட்டுத் தொழுவை எட்டிப் பார்த்தேன். கறவை மிஷினுக்கு மேலே, ஆணியில் ஒரு கறுப்பு டியூப் துண்டு தொங்கியது. செண்பகவல்லி புல் அறுக்கப் போயிருந்தாள். எடுத்தேன். என்ன ஆச்சரியம், வெட்டவே வேண்டியதில்லை, அளவெடுத்ததுபோல் போய் உட்கார்ந்தது. எனக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடம்பூர் ரோட்டில் கார் பறந்தது. போளிக் கடையிலும் இன்ஜினை அணைக்காமல் ஜன்னல் வழியாகவே வாங்கினேன். வீட்டு வாசலில் வந்து ஆரன் அடித்தேன். செண்பகவல்லி போளியைப் பிட்டு வாயில் போட்டாள்.

"பரவாயில்லையே. சொன்னது சொன்னதுதான். காரு வீட்டுலயே இருக்கட்டும்."

அன்றைக்கு மட்டும் காருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு டீக்கடைக்கு நடந்தே போனேன். சங்கரபாண்டியிடம் சொன்னேன், "இனி தினமும் விடியுததுக்கு முன்னால கோவில்பட்டி போய்ட்டு வந்தாலும் இந்த வண்டி ஒரு குலுக்கு குலுங்காது, பாத்துக்கிடும்."

திரும்பி வந்தால், காரின் பின்சீட்டு தொழுவில் கிடந்தது. அதன்மேல் கன்றுக்குட்டி சாய்ந்திருந்தது. சீட்டு இருந்த இடத்தில் இரண்டு பால் கேன்.

"ஏட்டி, இது என்னது?"

"பால் கேன்."

"அது தெரியுது. கார்ல எதுக்கு?"

"காலையில கோவில்பட்டி போவணும்லா? ஓட்டல்ல சொல்லியாச்சு."

"காரு வீட்டுலயே இருக்கும்னு சொன்னியே?"

"இருக்கும்லா. ஏழு மணிக்கெல்லாம் திரும்பிருவீங்க."

"எனக்கு இடுப்பு வலி."

"கடம்பூர் போகையில வலிக்கலையே. விடியுததுக்கு முன்னாலயே போவேன்னு நீங்களே சொன்னதா சங்கரபாண்டி அண்ணாச்சி போன்ல சொன்னாவ."

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "வண்டி ஓடாதுட்டி. அதுல கெடக்கது உன் மாட்டு மிஷின் டியூப்பு."

"தெரியும். கார் டியூப்பை நூலால அளந்து, அதே அளவுக்கு வெட்டி, உங்க கைக்கு எட்டுத மாதிரி ஆணியில மாட்டினது யாருன்னு நெனைச்சீங்க? அந்த டியூப்பு இன்ஜின் சூட்டை ரொம்ப நாள் தாங்காது. நாளைக்குக் கடை திறந்ததும் கார் டியூப்பே வாங்கிப் போட்டுருங்க."

"அப்ப நீயே மாட்டியிருக்கலாம்லா?"

"நான் மாட்டியிருந்தா நானே ஓட்டணும். நீங்க மாட்டினாத்தான நீங்க ஓட்டுவீங்க."

மில்லில் எத்தனையோ மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் இப்படி வேலை வாங்கத் தெரிந்ததில்லை. கோபப்படத்தான் நினைத்தேன், பெருமையாகத்தான் இருந்தது. இவள் கையால் ஏமாறுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

ஆனாலும் கார் என்னுடையது, பட்டமும் என்னுடையது. மறுநாள் விடியுமுன்னே தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஓட்டல் வாசலில் காரை நிறுத்தி, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கதவைச் சாத்திவிட்டு, கம்பீரமாக நின்றேன். ஓட்டல்காரர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏலே, பால் வந்துட்டு."