தக்காளிச் செடிக்கு அடித்த கெட்டிமேளம்

நான் பெரிய கூச்சக்காரி. தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில் பக்கத்து நிரையில் நிற்பவளிடம் வெற்றிலை கேட்பதற்கே அரை நாள் யோசிப்பேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தபோது, பிரிஞ்சாங்கில் பார்சல் அனுப்பும் கடை வைத்திருக்கும் என் மகள் செல்வி ஒரு பேட்டரி சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "கியா பார்ம் பக்கம் பார்சல் கொண்டு போறியாம்மா?" என்றாள். இந்த வேலைக்கு வாய் வேண்டாம், கால் இருந்தால் போதும் என்று நானும் ஒத்துக்கொண்டேன். (நினைப்புதான்!)

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் மலை ரோட்டில் ஒரே ஜேம், வண்டி நகராது. ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்கள் காருக்குள்ளேயே தூங்கி எழுவார்கள். சைக்கிள் மட்டும் ஓரமாகப் புகுந்து போகும்.

அப்படி ஒரு விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில்தான் என் தங்கச்சி சரசுவின் மகன் முரளிக்கு எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் கல்யாணம். முதல் நாள்தான் தாலியில் கோக்கிற வளையம் விட்டுப்போய், நகைக்கடையில் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் ஒட்டி, புது மஞ்சள் கயிற்றில் கோத்து, ஒரு சின்ன டப்பாவில் வைத்துக் காலையில் செல்வி கடையில் கொடுத்துவிட்டார்.

"நீ வர்ற வழிதானேக்கா, எடுத்துட்டு வந்துரு" என்றாள் சரசு.

பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகி, மேலே மழைச் சட்டை, தலையில் ஹெல்மெட். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இல்லை, தீ அணைக்கப் போகிறவள் மாதிரி இருந்தேன்.

செல்வி கூடையில் இரண்டு டப்பாக்களை வைத்தாள். இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சுற்று. "ஒண்ணு தாலி, கோயிலுக்கு. இன்னொண்ணு தக்காளி கட்டுற கயிறு, சேம்பள்தான், மாதிரிக்கு ஓர் உருண்டை. போற வழியில அந்தச் சீன முதலாளி தவுக்கே தோட்டத்துல குடுத்துரு. மேல எழுதியிருக்கு, பார்த்துக் குடும்மா!"

பார்த்துத்தான் கொடுத்தேன். தோட்டத்தில் இறங்கி மேலே இருந்த டப்பாவை எடுத்தேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகத்தான் கூட்டுவேன். டி, ஏ, எல், ஐ. தாலி! எனக்கு நானே கைதட்டாத குறை. அதை மழைச் சட்டைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு, மற்றதைப் படிக்காமலேயே அங்கிருந்த வேலையாளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கோயிலில் முரளியும் பெண் கவிதாவும் மணையில் உட்கார்ந்துவிட்டார்கள். சரசு தாம்பாளத்தை நீட்டியபடி டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஓர் உருண்டை பச்சை பிளாஸ்டிக் கயிறு.

"என்னக்கா இது?"

"தாலி."

"இதையா என் மவன் கட்டணும்?"

முரளி காய்கறி லோரி ஓட்டுகிறவன். மணையிலிருந்தே எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "பெரியம்மா! மலாய்ல தாலின்னா கயிறு லா!"

அது எனக்குத் தெரியாதா? துணி காயப்போட எத்தனை முறை சீனர் கடையில் "தாலி" என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்! அன்றைக்குப் பார்த்து மூளை லீவு போட்டுவிட்டது.

கவிதாவின் அப்பா எழுந்துவிட்டார். "தாலியத் தொலைச்ச வீட்டுல என் பொண்ணு வாழணுமா?"

"மஞ்சக் கிழங்கைக் கட்டிக்கலாம்" என்றார் பூசாரி.

"கட்ட விடமாட்டேன். முகூர்த்தம் கழியறதுக்குள்ள அந்தத் தாலி வரணும். இல்லன்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

கவிதா தலை நிமிரவில்லை. அதைப் பார்த்ததும் ஹெல்மெட்டை மறுபடி மாட்டினேன்.

"எந்தத் தோட்டம்னு சொல்லுங்க" என்று பையன்கள் மோட்டாரைக் கிளப்பினார்கள். நீலத் தண்ணீர்த் தொட்டி தாண்டி, நாய் கட்டியிருக்கும் முடுக்கு என்றால் யாருக்குப் புரியும்? "அப்ப பின்னால ஏறுங்க" என்றான் ஒருவன். அந்நிய ஆம்பளை முதுகைப் பிடித்துக்கொண்டா? (அந்த நேரத்திலும் கூச்சம்! என்னை என்ன செய்வது?) சைக்கிளையே எடுத்தேன்.

பாதி மேட்டில் பேட்டரி செத்தது. தள்ளினேன். காருக்குள் இருந்த டவுன் பிள்ளைகள் என்னைப் படம் எடுத்தார்கள். மூச்சு முட்டியது, காது அடைத்தது. முகூர்த்த நேரம் மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வழியெல்லாம் சரசு போன் அடித்தாள். எடுக்க எனக்குக் கை இல்லை.

தோட்டத்துக்குள் ஓடினேன். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் தவுக்கே முகம் சிவந்து நின்றார். கையில் எங்கள் தாலி! மஞ்சள் கயிற்றை ஒரு தக்காளிச் செடியின் கழுத்தில் சுற்றிப் பிடித்தபடி, மலாயில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். "பாரும்மா, இந்தத் தாலி ரொம்பக் குட்டை லா! ஒரு செடிக்கே பத்தல! நுனியில தொங்குறது என்ன, பிராண்டா?"

அந்த நேரம் மறுபடி போன் அடித்தது. எடுத்தேன். அங்கே எல்லாருக்கும் கேட்கட்டும் என்று எவனோ போனை மைக் பக்கத்தில் வைத்திருக்கிறான், எனக்குத் தெரியாது. ஆயுசிலேயே முதல் தடவையாகத் தொண்டை கிழியக் கத்தினேன். "தாலி! தாலி! தாலி!"

மேளக்காரர்கள் காலையிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவர்கள். அடித்தார்கள் கெட்டிமேளம்! போனுக்குள் நாதஸ்வரம், குலவை, "அட்சதை போடுங்க" என்ற சத்தம். நான் உறைந்துபோனேன். தவுக்கே மட்டும், ஏதோ சாமி காரியம் என்று நினைத்தாரோ என்னவோ, மேளம் ஓயும்வரை செடியின் கழுத்திலிருந்து தாலியை எடுக்காமல் மரியாதையாக நின்றார்.

வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை இறக்கத்தில் விட்டேன். பிரேக் கத்தியது, நானும் கத்தினேன். சேறு தெறித்த பட்டோடு கோயிலுக்குள் நுழைந்தபோது பூசாரி கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நேரம் இருக்கு, குடுங்க, குடுங்க!"

முரளி கட்டினான். மேளம் இரண்டாம் முறை கொட்டியது. கவிதாவின் அப்பா அட்சதை போட்டார். நான் தூணோடு சாய்ந்து உட்கார்ந்து, தாலி தக்காளிச் செடியின் கழுத்தில் கிடந்தபோது மேளம் கொட்டிய கதையைச் சரசுவிடம் சொன்னேன். ஆசீர்வாதம் வாங்கக் குனிந்த கவிதா என் காதோரம் கேட்டாள். "எனக்கு முன்னாடியே ஒருத்திக்கு மேளம் கொட்டியாச்சாமே, பெரியத்தை?"

கல்யாணத்துக்குப் பிறகு முரளி அந்தத் தோட்டத்திலும் லோடு ஏற்ற ஆரம்பித்தான். அது என்ன தாலி என்று தவுக்கேயிடம் விளக்கிச் சொல்லியிருக்கிறான். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அந்தத் தக்காளிப் பெண்ணைப் பெற்றவர் தான்தான் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி ஒரு கூடை தக்காளி தலைத் தீபாவளிச் சீர் மாதிரி வந்துவிடுகிறது.

கூடை வந்து இறங்கியதும் கவிதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்புவாள்.

"பெரியத்தை, மூத்தவ வந்திருக்கா. ரசம் வைக்கவா, சட்னி அரைக்கவா?"