அம்மா கண்ணை மூடியிருக்கும் படம்

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவின் வேலைக்கு வேட்டு வைத்தது நீங்கள்தான். நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். அனுப்பிய ஓவியங்களையும் புகைப்படங்களையும் பார்த்து முகத்துக்கு நேராகக் குறை சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

உங்களுக்குக் கை வரைய வராது. அதனால் அத்தை கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கிறார், பக்கத்து வீட்டுத் தையல்காரர் சட்டைப்பைக்குள் விட்டிருக்கிறார், நான் போர்வைக்குள் ஒளித்திருக்கிறேன். எல்லாரும் எதையோ திருடிவிட்டு நிற்பதுபோல் இருக்கிறது. கண்ணும் வராது. அதனால் யார் வந்து உட்கார்ந்தாலும் "கண்ண மூடு, கனவு காணுற மாதிரி இரு" என்கிறீர்கள். அந்த நீலம் மட்டும் அழகு. பார்த்துக்கொண்டே இருந்தால் சுவர் கரைந்து அறைக்குள் தண்ணீர் மெல்ல ஏறுகிறது. ஆனால் உழைக்கிற கையை மறைத்துவிட்டு என்ன நீலம் வேண்டிக்கிடக்கிறது? உள்ளதை உள்ளபடி வரையுங்கள்.

புகைப்படங்களில் ஒன்றுதான் தேறும். அம்மாவின் சலவைக்கூடத்தில் நீங்கள் கொதிகலன் வேலை பார்த்த கடைசி நாளில் எடுத்தது. உலர்ந்து வந்த வெள்ளை விரிப்புக் குவியலில் அம்மா சாய்ந்திருக்கிறாள். ஆவி மூட்டத்தில் குவியல் எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. விரலில் பாதி மடித்த விரிப்பு, மணிக்கட்டில் ஆவி சுட்ட தழும்பு. உங்கள் படத்தில் முதன்முதலாகக் கை. ஆனால் பழக்கதோஷம், கண்ணை மூடச் சொல்லிவிட்டீர்கள். அதோடு விட்டீங்களா? நம்ம ஞாபகமா இருக்கட்டும்னு பெருசா அச்சடிச்சு, அங்கேயே சாப்பாட்டுக்கூடத்துச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டு வந்தீங்க. மேலாளர் ஆவியை ரசிக்கவில்லை, அம்மாவுக்குப் பின்னால் தொங்கும் கடிகாரத்தை ரசித்தார். வேலை நேரத்தில் தூக்கம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த ஆளு கண்ணாடி அறைக்குள்ள மேசையில கன்னத்த வச்சுத் தூங்குறத எவனும் படம் புடிக்கல. இனிமேலாவது பின்னணியைப் பார்த்து எடுங்கள்.

இது கிடைத்ததும் மேலாளரிடம் போய், கண்ணை மூடச் சொன்னது நீங்கள்தான் என்ற உண்மையைச் சொல்லுங்கள். இப்போது நலம் விசாரிக்கிறேன். அத்தையின் கைகளை முதுகுக்குப் பின்னாலிருந்து அவிழ்த்துவிட்டு, என் அன்பை அவற்றில் கொடுங்கள்.

உங்கள் மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியில் நிறுத்தச் சொன்னாள். "அண்ணன் வந்ததே எனக்குத் தெரியாதுடி. நெஜமாவே தூங்கிட்டேன். தண்ணிமேல மெதந்து போற மாதிரி இருந்துச்சு." பிறகு, அந்தப் படத்தில் ஒரு பிரதி வேண்டும் என்றாள். தான் சும்மா இருந்ததைத் தானே பார்த்ததில்லையாம். ஆகவே, உள்ளதை உள்ளபடி என்று நான் எழுதியதை அடித்துவிடுங்கள். மேலாளர் முன்னால் நின்று, அவர் கண்ணைப் பார்த்து, கண்ணை மூடச் சொன்னது நீங்கள்தான் என்று சொல்ல வேண்டும். சொல்வீர்களா, மாமா?